வழுதிலம்பட்டு உசாவடி – 23: இரண்டு கையும் சேர்ந்த ஆண்டு

சென்ற வாரம் சோழச் சக்கரவர்த்தியைச் சேந்தமங்கலத்துச் சிறையில் விட்டுவிட்டு வந்தோம். முதலில் அவனை வெளியே எடுத்துவிடுவோம். மூன்றாம் இராசராசனைப் பிடித்து அடைத்தவன் அவனுக்கே கீழ்ப்பட்டிருந்த காடவன் கோப்பெருஞ்சிங்கன். ஆண்டு 1231. சேதி துவாரசமுத்திரத்துக்கு எட்டியதும் போசள மன்னன் வீரநரசிம்மன் படையோடு கிளம்பினான். அவனுடைய தண்டநாயகர்கள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் காடவன் நாட்டு ஊர்களை அழித்துக்கொண்டே வந்து சேந்தமங்கலத்தை நெருங்கினார்கள். இனித் தாங்காது என்று கண்ட கோப்பெருஞ்சிங்கன் சோழனை விடுவிக்கச் சம்மதித்தான். இவ்வளவையும் கடலூருக்குப் பக்கத்தில் கெடிலக் கரையில் இருக்கும் திருவந்திபுரம் கோயில் கல்வெட்டு, போர்க்களத்திலிருந்து எழுதிய கடிதம்போல ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறது.

அந்த அத்தியாயத்தை எழுதி முடித்த இரவில் ஓர் ஆண்டுக் கணக்கு மனத்தில் தட்டியது. 1231லிருந்து 16ஐக் கழித்தால் 1215. அந்த ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் அரசனைச் சிற்றரசர்கள் மடக்கினார்கள். இங்கே சிற்றரசன் ஒருவன் அரசனைச் சிறையில் போட்டான். அங்கே சிற்றரசர்கள் கூடி அரசனிடம் எழுதி வாங்கினார்கள். சிறையில் போட்டவனிடமிருந்து அடுத்த பலசாலி வந்து மீட்டுக்கொண்டு போய்விட்டான். எழுதி வாங்கியதை எண்ணூறு ஆண்டாக உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. நம் வட்டாரத்தில் யாரும் எழுதிவைக்கவில்லையா? வைத்தார்கள். இந்த வாரம் அந்தக் கதைதான். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தேம்ஸ் ஆற்றங்கரையில் நின்றுவிட்டு வரலாம்.

*

ஜான் மன்னனுக்குப் பணம் போதவே இல்லை. 1204இல் பிரான்சிலிருந்த நார்மண்டியை இழந்தான். அதைத் திரும்பப் பிடிக்கிறேன் என்று பத்தாண்டு வரி வசூலித்தான். போருக்கு வராத பிரபு அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். தகப்பன் செத்து மகன் சொத்துக்கு வந்தால் அதற்கு ஒரு தொகை. கணவனை இழந்த சீமாட்டி மறுமணம் வேண்டாம் என்று இருக்க நினைத்தால் அதற்கும் ஒரு தொகை. இவ்வளவும் கறந்து நடத்திய போர், 1214 ஜூலையில் பூவீன் என்ற இடத்தில் அவனுடைய கூட்டாளிகள் தோற்றதோடு மண்ணாய்ப் போயிற்று. தோற்றுத் திரும்பி வந்தவன் மறுபடி வரி கேட்டான். பிரபுக்கள் பொங்கிவிட்டார்கள். 1215 மே 17ஆம் தேதி லண்டன் மாநகரம் அவர்கள் கையில் விழுந்தது. அதன்பின் ஜானுக்குப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

பேசிய இடம் ரன்னிமீட். அரண்மனையும் இல்லை, தேவாலயமும் இல்லை. விண்ட்சருக்கும் ஸ்டெயின்ஸுக்கும் நடுவில் தேம்ஸின் தென்கரையில் கிடக்கும் ஒரு படுகை. விண்ட்சர் அரசனின் கோட்டை. ஸ்டெயின்ஸ் பக்கம் பிரபுக்களின் ஆட்கள். நம் தென்பெண்ணைப் படுகையைப் பார்த்தவர்களுக்கு அந்த மண்ணை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்தில் ஆறு ஏறி நிற்கும், வடிந்தபின் புல் மதமதவென்று வளரும், கோடையில் அறுத்து மாட்டுக்குப் போடுவார்கள். சொந்தக்காரன் என்று ஒருவன் நின்று வேலி போடாத வெளி. பெயருக்கே ஆலோசனை கூடும் தீவுப் புல்வெளி என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அங்கே எழுதி வாங்கிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் கடைசி வரியிலும் அந்தப் புல்வெளியின் பெயரும் இரண்டு பக்கத்து ஊர்களின் பெயரும் ஜூன் 15 என்ற தேதியும் இருக்கின்றன. பட்டா எழுதும்போது நாம் நான்கெல்லை சொல்கிறோமே, அப்படி.

ஆட்டுத்தோலில் லத்தீன் மொழியில் நெருக்கி எழுதிய அந்தச் சாசனத்தில் ஜான் கையெழுத்துப் போடவில்லை. அரச முத்திரைதான் விழுந்தது. கையில் இறகுப் பேனாவோடு அவன் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்தவர்கள் அதை மறந்துவிடலாம். பின்னாளில் அறிஞர்கள் எண்ணிட்டுப் பிரித்தபோது 63 கூறுகள் வந்தன. சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் சுதந்திரக் குடிமகன் யாரையும் பிடித்து அடைக்கக் கூடாது என்ற 39ஆம் கூறும், நியாயத்தை விற்கமாட்டோம், மறுக்கமாட்டோம், தாமதிக்கமாட்டோம் என்ற 40ஆம் கூறும்தான் உலகப் புகழ் பெற்றவை. எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு. தேம்ஸிலும் மெட்வேயிலும் மற்ற ஆறுகளிலும் மீன் பிடிக்க நட்டிருக்கும் அடைப்புகளை எடுக்க வேண்டும் என்கிறது 33. நாடு முழுக்கத் தானியத்துக்கும் மதுவுக்கும் ஒரே அளவு, துணிக்கு ஒரே அகலம் என்கிறது 35. படகுக்காரனுக்கு ஆறு திறந்திருக்க வேண்டும், சந்தையில் மரக்கால் பொய் சொல்லக் கூடாது. பெரிய வார்த்தைகளுக்கு நடுவில் இப்படி ஊர்க்காரன் கவலைகள் இரண்டு எப்படியோ நுழைந்துவிட்டிருக்கின்றன.

61ஆம் கூறு வினோதமானது. அரசன் சொல் தவறினால் 25 பிரபுக்கள் சேர்ந்து அவனுடைய கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றலாம். அவன் உடம்பையும் மனைவி மக்களையும் மட்டும் தொடக் கூடாது. எந்த அரசன் இதற்கு மனமார ஒத்துக்கொள்வான்? பத்து வாரம்தான் தாங்கியது. ஆகஸ்டு 24ஆம் தேதி போப் மூன்றாம் இன்னசன்ட் சாசனம் செல்லாது என்று ஆணை போட்டார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1216 அக்டோபரில் ஜான் செத்தான். அவனுடைய ஒன்பது வயது மகனின் பெயரால் ஆட்சி நடத்தியவர்கள், எதிரிகளைத் தங்கள் பக்கம் இழுக்க, அதே சாசனத்தைச் சில கூறுகளை வெட்டிவிட்டு மறுபடி வெளியிட்டார்கள். அதன்பின் 1217இல் ஒரு முறை, 1225இல் ஒரு முறை. திரும்பத் திரும்ப வெளியிட்டதால்தான் அது பிழைத்தது. முதல் ஆண்டில் எழுதிய படிகளில் நான்கு இன்றும் இருக்கின்றன: இரண்டு பிரிட்டிஷ் நூலகத்தில், ஒன்று லிங்கனில், ஒன்று சாலிஸ்பரியில்.

'சுதந்திரக் குடிமகன்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அன்றைய இங்கிலாந்தின் உழவர்களில் பெரும்பகுதி பண்ணையடிமைகள். அவர்கள் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்கள். ரன்னிமீட் படுகையில் புல் அறுத்தவனுக்கு ரன்னிமீட் சாசனம் நேராகக் கொடுத்தது மிகக் குறைவு. 1217இல் வந்த வனச் சாசனம்தான், காட்டில் பன்றி மேய்ப்பது, தேன் எடுப்பது, தன் நிலத்தில் குட்டை வெட்டுவது என்று கொஞ்சம் கீழே இறங்கி வந்தது. அதைப் பற்றி யாரும் படம் போடுவதில்லை.

நம் நாட்டிலோ எந்தக் காகிதத்தையும் மாக்னா கார்ட்டா என்று சொல்லிவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. 1854இல் வந்த உட்ஸ் அறிக்கை இந்தியக் கல்வியின் மாக்னா கார்ட்டா. 1858இல் வந்த விக்டோரியா பிரகடனம் இந்திய மக்களின் மாக்னா கார்ட்டா. பரீட்சையில் எழுதி நானும் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இனி நான் சொல்லப்போகும் கல்லுக்கும் அதே பட்டத்தைச் சூட்டிவிடாதீர்கள். ஏன் கூடாது என்று போகப்போகத் தெரியும்.

*

இந்தத் தொடருக்குப் பெயர் கொடுத்த ஊர் வழுதிலம்பட்டு. நம் வளவனூருக்கு வடகிழக்கே இருக்கும் வழுதாவூர்தான் அது என்பது ஆய்வாளர்கள் கருத்து. பிற்காலத்தில் அது பிரெஞ்சுக்காரர் கதையில் வருகிறது: 1750இல் ஐதராபாத் நிசாம் நாசிர் ஜங்கின் பாளையம் அங்கே இறங்கியது; 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அந்தக் கோட்டையைப் பிடித்தான். ஆனால் அதற்கு முன்னூறு ஆண்டு முன்பு, விசயநகர ஆட்சியில், அது ஒரு மாகாணத்தின் பெயர். கல்வெட்டில் உசாவடி என்று வருவதும் நம் சாவடியும் ஒன்றுதான். விக்கிரவாண்டியில் காரை நிறுத்திக் கட்டணம் கொடுக்கிறோமே, அந்தச் சுங்கச்சாவடியில் இன்னும் அந்தச் சொல் பழைய வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் வழுதாவூரில் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, உங்க ஊரு ஒரு காலத்துல கொள்ளிடம் வரைக்கும் தலைமையிடமா இருந்துச்சு தெரியுங்களா?" என்று கேட்டுவைத்தேன். அவர் கிளாஸைக் கீழே வைக்காமலே, "அப்பவாச்சும் விழுப்புரத்துக்குக் கூட ஒரு பஸ்ஸு விட்டானாப்பா?" என்றார். விடவில்லை ஐயா. வரிதான் போட்டான்.

அந்த வரியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1360களில் விசயநகர இளவரசன் குமார கம்பணன் படையெடுத்து வந்து படைவீட்டுச் சம்புவராயரை அடக்கினான். 1370வாக்கில் மதுரை சுல்தானகமும் வீழ்ந்தது. அதோடு தொண்டை மண்டலமும் நடுநாடும் சோழநாடும் விசயநகரத்தின் கைக்குள் வந்தன. அதிகாரிகளும் தண்டநாயகர்களும் துங்கபத்திரைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். இந்த ஊர் மண் அவர்களுக்குத் தெரியாது. இந்த ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பேச்சு தெரியாது. கல்வெட்டுகள் அவர்களைக் கன்னடியர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. அந்தச் சொல்லில் இருக்கும் கசப்பை நாம் இன்றைய மாநில எல்லைச் சண்டையாகப் படிக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வந்து வசூலிப்பவன் என்பதே அதன் உள்ளர்த்தம்.

ஊர்கள் கூறு போடப்பட்டன. அரசுக் கருவூலத்துக்கு நேராகப் போகும் ஊர் பண்டாரவாடை. படைத்தலைவனுக்கோ அதிகாரிக்கோ அவன் ஊழியத்துக்காக விட்ட ஊர் சீவிதப்பற்று. இவை போக அடைப்பு என்றும் குத்தகை என்றும் ஏலம் விடுகிற ஏற்பாடு. சீவிதக்காரன் தனக்கு எவ்வளவு நாள் அந்த ஊர் இருக்கும் என்று தெரியாதவன். இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு வேறொருவனுக்குப் போய்விடும். அப்படிப்பட்டவன் மடு வற்றும்வரை கறப்பான். குத்தகை எடுத்தவனோ மேலே கட்டிய தொகைக்கு மேல் கையில் நிற்பதுதான் லாபம் என்று கணக்குப் போடுகிறவன். ஏரி உடைந்தால் அவனுக்கென்ன, கால்வாய் தூர்ந்தால் அவனுக்கென்ன?

அளவுகோலும் இதில் சேர்ந்துகொண்டது. நிலத்தைக் கோலால் அளந்துதான் வரி. கோல் ஒரு சாண் குறைந்தால் அதே கழனி கணக்கில் பெரிதாகிவிடும். வரப்பு நகராமலே வரி கூடிவிடும். அதனால்தான் நம் கோயில்களில் அதிட்டானத்திலும் சுவரிலும் இரண்டு முனையிலும் குறியிட்டு அளவுகோலைக் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது தேடிப் பாருங்கள். ஆங்கிலேயரின் 35ஆம் கூறு தோலில் எழுதியதை நம் ஆட்கள் கல்லில் வெட்டி எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார்கள்.

உள்ளூரிலும் ஒரு கூட்டம் இதில் தேறியது. நிலத்தின்மேல் காணியுரிமை இருந்தவர்கள் காணியாளர். அதிகாரி வந்து வரியைக் கட்டு என்றால் மொத்தமாகத் தாங்கள் பொறுப்பேற்றுக்கொண்டு, கீழே உழுகிறவனிடமும் தறி போடுகிறவனிடமும் அதைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். கீழே இருந்தவனுக்கு எசமானர் இருவராகிவிட்டார்கள். ஒருவன் குதிரையில் வந்தான், மற்றவன் பக்கத்துத் தெருவிலேயே இருந்தான். பக்கத்துத் தெருக்காரனிடமிருந்து தப்புவதுதான் எப்போதும் கடினம்.

*

1429. அறுபதாண்டுச் சுற்றில் அது சௌமிய வருடம். அரியணையில் இரண்டாம் தேவராயன். விசயநகரத்தின் பொற்காலம் என்று புத்தகங்கள் சொல்லும் காலம். பதினான்கு ஆண்டு கழித்து, 1443இல், பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அந்நகரத்துக்கு வந்து பார்த்து வாய் பிளந்து எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் பார்த்த முத்தும் பட்டும் எங்கிருந்து வந்த பணத்தில் வாங்கியவை என்பதற்கு நம் பக்கத்துக் கல்லில் பதில் இருக்கிறது.

விருத்தாசலம், மணிமுத்தாற்றங்கரை. பழமலைநாதர் கோயில் மண்டபத்தில் கூட்டம். கூடியவர்கள் வலங்கை 98, இடங்கை 98 என்று தங்களைச் சொல்லிக்கொண்ட சாதியார். அந்த எண்ணை உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வேண்டாம். நிறைய என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட மரபுக் கணக்கு அது. மேலோட்டமாகச் சொன்னால் வலங்கையில் உழவைச் சார்ந்தவர்கள் அதிகம், இடங்கையில் கைவினைஞர்கள் அதிகம். வரி என்று வந்தால் இரண்டு பக்கத்துக்கும் வலி ஒன்றுதான்.

இந்த இரண்டு கையும் சேர்ந்து உட்கார்ந்ததே பெரிய செய்தி. பின்னாளில் இவர்கள் சென்னையில் எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போவது என்பதற்காக 1652இலும் 1707இலும் அடித்துக்கொண்டு, கோட்டையிலிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தலைவலி கொடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் 1429இல் ஒரே மண்டபத்தில் ஒரே தீர்மானத்துக்கு வந்தார்கள்.

தீர்மானத்தின் சாரம் இது. அரசனின் அதிகாரிகள் நம்மைத் துன்புறுத்துகிறார்கள். சீவிதக்காரர்கள் துன்புறுத்துகிறார்கள். காணியாளரும் பிராமணரும் அவர்களோடு சேர்ந்து இராசகரம் என்னும் வரியை வாங்குகிறார்கள். இனி வலங்கையிலும் இடங்கையிலும் யாரும் இவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது. யாரும் இவர்களுக்காகக் கணக்கு எழுதக் கூடாது. இவர்கள் சொல்லும் ஏற்பாட்டுக்கு யாரும் சம்மதிக்கக் கூடாது. மீறி நாட்டுக்குத் துரோகம் செய்தவனைக் குத்திவிட வேண்டும்.

கணக்கு எழுதக் கூடாது என்ற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். எவ்வளவு தெளிவான மூளை வேலை பார்த்திருக்கிறது! படை திரட்டுவோம் என்று அவர்கள் சொல்லவில்லை. அரண்மனையை முற்றுகையிடுவோம் என்று சொல்லவில்லை. துங்கபத்திரையிலிருந்து வந்த அதிகாரிக்கு எந்தக் கழனி யாருடையது, எவ்வளவு விளைந்தது, எந்தத் தெருவில் எத்தனை தறி என்று சொல்ல ஓர் உள்ளூர்க் கணக்கன் வேண்டும். ஓலையும் எழுத்தாணியும் இல்லாவிட்டால் அவன் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவன். தங்க ஒரு திண்ணை வேண்டும், அதையும் கொடுக்காதே. வரி வாங்குகிற யந்திரத்தின் அச்சாணி எது என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. ஐந்நூறு ஆண்டு கழித்து ஒத்துழையாமை என்று காந்தி வைத்த பெயர் இதற்கும் பொருந்தும். கடைசியில் வரும் அந்தக் குத்து மட்டும் அவருக்கு ஆகாது.

விருத்தாசலம் தனி நிகழ்ச்சியில்லை. வெள்ளாற்றுப் பக்கம் ஆடுதுறை, கொள்ளிடத்துப் பக்கம் திருவைகாவூர், மயிலாடுதுறைக்கு அருகில் கொருக்கை என்று ஆற்றுப் பாய்ச்சல் ஊர்களில் அதே ஆண்டில் இதே குரல் கேட்கிறது. வழுதிலம்பட்டு உசாவடியும் அதற்குத் தெற்கே இருந்த நாடுகளும் சேர்ந்து கொதித்திருக்கின்றன. கொருக்கைக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போய்த் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறது: நாம் ஒன்றுகூடாமல் இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்று. எதிரியைத் திட்டி வெட்டிய கல் ஆயிரம் உண்டு. தன் பிழையை ஒத்துக்கொண்டு வெட்டிய கல் அபூர்வம்.

அடுத்து அவர்கள் செய்தது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. வரியே கட்டமாட்டோம் என்று சொல்லவில்லை. இவ்வளவுதான் கட்டுவோம் என்று விகிதத்தைத் தாங்களே எழுதினார்கள். திருவைகாவூர்ப் பட்டியலைப் படித்தால் அன்றைய காவிரிப் பாய்ச்சலின் காய்கனிச் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நெல், வாழை, கரும்பு, செங்கழுநீர், மஞ்சள், இஞ்சி, ஆமணக்கு, எள், பாக்கு, தென்னை, பலா என்று விளைச்சலுக்கு விளைச்சல் தனித்தனி விகிதம். தொழிலுக்குத் தொழில் ஆண்டுக்கு இவ்வளவு. இவ்வளவும் ஊர்க் கூட்டம் முடிவு செய்து கல்லில் வெட்டியது. விளைந்ததற்குத் தக்க வரி, நியாயத்துக்குத் தக்க வரி. அதற்கு மேல் எவன் கேட்டாலும் கிடையாது.

இப்போது சொல்லுங்கள், இது மாக்னா கார்ட்டாவா? ரன்னிமீட்டில் அரசன் கொடுத்தான், பிரபுக்கள் வாங்கினார்கள். சாசனம் முழுக்க நாம் அருளினோம், நாம் அளித்தோம் என்றுதான் ஓடுகிறது. விருத்தாசலத்தில் கொடுப்பவனே கிடையாது. முத்திரை போட யாரையும் கூப்பிடவில்லை. தேவராயனிடம் எதையும் கேட்கவும் இல்லை. தங்களுக்குள் சத்தியம் செய்துகொண்டு, சிவன் சாட்சியாகக் கோயில் சுவரில் வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மாக்னா கார்ட்டா என்று பட்டம் கொடுத்தால் அவர்கள் செய்ததை ஒரு படி இறக்குவதாகும்.

இங்கிலாந்திலேயே இதற்கு ஒப்பு வேண்டுமென்றால் 1381க்குப் போக வேண்டும். நம் 1429க்கு 48 ஆண்டு முன்பு. தலைக்கு 12 பென்ஸ் என்று தலைவரி போட்டதும் கென்ட், எசெக்ஸ் பக்கத்து உழவர்கள் கிளம்பிவிட்டார்கள். போகிற வழியில் அவர்கள் முதலில் தேடியது பண்ணைக் கணக்குச் சுருள்களை. எந்தக் குடும்பம் அடிமை, யார் எத்தனை நாள் வெட்டி வேலை செய்ய வேண்டும் என்று எழுதிய தோல்சுருள்களைக் குவித்து எரித்தார்கள். அவர்கள் எழுதியதை எரித்தார்கள், நம்மவர்கள் எழுதாதே என்றார்கள். ஐயாயிரம் மைல் தள்ளி, ஒருவரை ஒருவர் கேள்விப்படாத உழவர்கள், ஒரே இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். பதினான்கு வயது ரிச்சர்டு மன்னன் பயந்துபோய் உழவர்களுக்கும் சாசனம் எழுதிக் கொடுத்தான். அவர்களுடைய தலைவன் வாட் டைலர் பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் வெட்டப்பட்டான். அன்றைக்கும் ஜூன் 15. அடுத்த மாதமே சாசனம் ரத்து. பிரபுக்கள் வாங்கிய சாசனத்துக்கும் உழவர்கள் வாங்கிய சாசனத்துக்கும் ஆயுள் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

*

நம் பக்கம் பின்னால் வந்த கல்வெட்டுகளில் உரிமை வேறு மாதிரிப் பேசப்படுகிறது. 1485வாக்கில் நடுநாட்டு நெசவாளர்களான கைக்கோளர், நல்லது கெட்டதுக்குத் தண்டு (பல்லக்கு) ஏறவும் சங்கு ஊதவும் உரிமை கேட்டார்கள். காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் உள்ள கைக்கோளருக்கு இருக்கிறதே என்று முன்னுதாரணம் காட்டினார்கள். அரசரின் அதிகாரி இசைந்தார். பழமையான வழிதான் இது. கொங்கு நாட்டுக் கம்மாளர் இதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் முன்பே, இரட்டைச் சங்கு ஊதவும், வெளியே போகும்போது காலில் செருப்பு அணியவும், வீட்டுச் சுவருக்குக் காரை பூசவும் அரச ஆணை பெற்றிருந்தார்கள். செருப்புப் போட ஆணை தேவைப்பட்ட காலம் அது என்பதை மறக்க வேண்டாம். அந்த ஆணைகளைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு சாதியாகப் போய் ஒவ்வொரு சலுகையாக வாங்கும்போது, தருகிறவனுக்கு அது எளிது. 98ம் 98ம் சேர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் அவனுக்குத் தூக்கம் கெடும். சிறுவந்தாட்டுத் தறிச் சத்தத்தைக் கடந்து போகும்போதெல்லாம், இவர்களுடைய பாட்டனுக்குப் பாட்டன் எவனாவது அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பானோ என்று நினைத்துக்கொள்வேன்.

ரன்னிமீட் தோலுக்கு வாய்த்தது நம் கல்லுக்கு வாய்க்கவில்லை. அங்கே வக்கீல்கள் அந்தச் சாசனத்தை எடுத்து எடுத்து வாதாடினார்கள். வாதாடியே அதில் இல்லாத அர்த்தங்களையும் ஏற்றினார்கள். ஓர் ஏழை உழவனுக்கும் அது காவல் என்ற இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இங்கே கல் சுவரிலேயே நின்றது. அதை யாரும் எந்த வழக்கிலும் எடுத்துக் காட்டவில்லை. எழுத்து வடிவம் மாறி, வாசிக்கத் தெரிந்தவன் இல்லாமல் போய், மேலே சுண்ணாம்பு ஏறியது. 1910களில்தான் அரசின் கல்வெட்டுத் துறையினர் இந்தக் கோயில்களில் படியெடுத்தார்கள். அதன்பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் அது ஆண்டறிக்கையில் சில வரிகளாகத்தான் கிடந்தது. ஜப்பானிலிருந்து வந்து தமிழ்க் கல்வெட்டுப் படித்த நொபொரு கராஷிமாவும், நம் எ. சுப்பராயலுவும் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கல்வெட்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் படித்தபிறகுதான் 1429இல் நடந்தது ஒரே எழுச்சி என்று வெளிச்சமானது.

ரன்னிமீட் படுகையில் இன்று ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. கட்டியவர்கள் ஆங்கிலேயர் அல்லர், அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தார், 1957இல் கட்டினார்கள். விருத்தாசலத்தில் மண்டபம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, கூடிய கோயிலே நிற்கிறது. மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் இறங்கப் போகிறவர்கள் நம் வளவனூரிலிருந்தும் உண்டு. கோயில் சுவரில் கல்வெட்டு தெரிந்தால் விபூதி கொட்டாதீர்கள், எண்ணெய்க் கையைத் துடைக்காதீர்கள், மணலை வீசிச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது யந்திரத்தோடு வந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

இன்னொன்று. சௌமிய வருடம் மறுபடி 2029 சித்திரையில் பிறக்கிறது. 1429க்குப் பிறகு பத்தாவது சுற்று. சரியாக அறுநூறு ஆண்டு.

(அடுத்த வாரம்: திருபுவனை ஏரியின் மதகு)